சோலைவரிப் பதிவேடு, பக்கம் 61

தை மாதத்துத் தலவாக்கலையில்
மை உறைந்துபோகும் என்றால் அது பொய்.
விரல்தான் உறையும்.
ஹீட்டர் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு
"நிதி இல்லை" என்று வந்த பதிலை
நானே கோப்பில் குத்தி வைத்தேன்.
நகரசபையில் சோலைவரி மேசை என்னுடையது.

பக்கம் அறுபத்தொன்று.
இலக்கம் 114, அம்மன் கோயில்.
வருடப் பெறுமதி என்ற இடத்தில் ஒரு கோடு,
வரி என்ற இடத்தில் இன்னொரு கோடு.
எனக்கு முன்னிருந்தவர் அடிமட்டம் வைத்துக் கீறியது.
114/1 முதல் 114/7 வரை
கோயில் மதிலை ஒட்டிய கடைகள்.
அவற்றுக்கும் அதே கோடு,
அடிமட்டம் வழுக்கியதுபோல.

ஒன்றில் கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.
ஒன்றில் அடகு பிடிக்கிறார்கள்.
அம்மனுக்கு அடகுக்கடை எதற்கு என்று
தர்மகர்த்தா அருணகிரியாரிடம் கேட்டேன்.
"விளக்கு எரிய வேணாமா தங்கச்சி."
எரிகிறது, மறுக்கவில்லை.
வாசலில் தெருவிளக்கும் எரிகிறது,
அது எங்கள் கணக்கில்.

எதிர்ப்பக்கம் இலக்கம் 115.
பேச்சாயி. பத்தடிக்குப் பன்னிரண்டடி, தகரக்கூரை.
ரொட்டி சுட்டு விற்கிறாள்.
காலாண்டு தவறாமல்
எண்ணெய்க்கறை பிடித்த தாள்களைக்
கண்ணாடித் துவாரத்துக்குள் தள்ளுவாள்.
தேர் முடிந்த மறுநாள்
தெருவெல்லாம் கிடந்த எச்சில் இலையை
மருதவீரனின் டிரக்டர் அள்ளியது, ஆறு நடை.
மருதவீரனின் சம்பளத்தில்
பேச்சாயியின் ரொட்டி மணக்கும்.

இதையெல்லாம் எழுதி ஓர் அறிக்கை செய்தேன்:
கருவறைக்கு விலக்கு, கடைகளுக்கு வரி.
நிமல்சிறி மாத்தையா இரண்டு தரம் படித்தார்.
"பன்சலைக்கும் கடை இருக்கு, பள்ளிக்கும் இருக்கு,
சேர்ச்சுக்கு ஒரு மாடியே இருக்கு.
எங்கேயிருந்து தொடங்குவீங்க மிஸ்?"
சிரித்தாரா பயந்தாரா தெரியாது.
எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார்.

பிறகு அந்த மழை.
மண் இறங்கிய இரவில்
மேற்கணக்கு லயத்திலிருந்து நாற்பத்திரண்டு குடும்பம்
பிள்ளைகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தது.
நகர மண்டபத்துச் சாவி யாரிடம் என்று அறிய
எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.
அருணகிரியார் சாவி தேடவில்லை,
கல்யாண மண்டபத்துப் பூட்டைக்
குத்துவிளக்கின் தண்டால் உடைத்தார்.
மூன்று மாதம் சோறு போட்டார்.
அந்தச் சோற்றுக்கு வருடப் பெறுமதி என்ன?
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் அறிக்கையை லாச்சிக்குள் போட்டேன்.

ஆனால் அந்த மண்டபத்தின் கூரை?
தோட்டத்துச் செக்ரோலில்
"கோயில்" என்று மாதாமாதம் வெட்டிய காசு.
அரைப்பேர் விழுந்த மாதத்திலும் முழுச் சந்தா.
தங்கள் கூரைக்குக் கீழேதான் அவர்கள்
அகதியாய்ப் படுத்திருந்தார்கள்.
காம்பிராவுக்கும் அவர்களிடம் உறுதி இல்லை,
மண்டபத்துக்கும் இல்லை.

இஸ்டோருக்குப் பின்னால் ரோதைமுனி.
ஒரு கல், ஒரு சூலம், நனைந்த சிவப்புத் துணி.
பதிவிலக்கம் இல்லாததால் விலக்கும் இல்லை.
அவருக்குக் கொளுத்தும் கற்பூரத்தில்
கடையிலேயே வற் பிடித்துவிடுகிறார்கள்.
எனக்குத் தெரிந்து
ஒழுங்காய் வரி கட்டுகிற சாமி அவர் ஒருவர்தான்.

இன்று காலை பேச்சாயி வந்தாள்.
நான் பற்றுச்சீட்டு எழுதும்போது
கண்ணாடியில் மூக்கை வைத்துக் கேட்டாள்,
"அம்மனுக்கு எவ்வளவு போடுறீங்க?"
ஒன்றும் இல்லை என்றேன்.
"நல்லது. தாய்க்கிட்ட வாங்கலாமா."
போனவள் திரும்பி வந்தாள்.
"அப்ப அந்த அடகுக்கடைக்காரனுக்கு?"
அவள் காதில் ஈர்க்குச்சி இருந்தது.
தோடு 114/3இல் இருக்கிறது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
லாச்சியைத் திறந்தேன், அறிக்கையை எடுக்கவில்லை,
பென்சிலை எடுத்தேன்.
114/3க்கு நேரே, அந்தக் கோட்டின் மேல்
சின்னதாய் ஒரு கேள்விக்குறி.
பென்சில்தான்.
யாரும் அழிக்கலாம்.